சம்பந்தி வீட்டு மோட்டாரின் அடியில்

என் சம்பந்தி வீட்டு வாசலில், அவர்களுடைய மோட்டார் வண்டிக்கு அடியில், மேல்சட்டை இல்லாமல் மல்லாந்து கிடந்த ஒரு பகலைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வள்ளியூரில் அதை இன்னும் பேசுகிறார்கள். அங்கே கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் முதலில் என் கையைப் பார்க்கிறார்; பிறகு பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். அது எனக்குப் பழகிவிட்டது என்று சொன்னால் பொய்.

ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம், ஆவணி மாதம். எங்களுக்கு ஒரே மகள். வள்ளியூரில் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்குச் சிந்துபூந்துறைக்கு, ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, அழைத்துவர வேண்டும். எங்கள் வழக்கத்தில் ஏழாம் மாதம் அழைக்கலாம், ஒன்பதாம் மாதமும் அழைக்கலாம். எட்டில் பெண்ணை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். ஏழில் மிச்சமிருந்த நல்ல நாள் ஒன்றே ஒன்றுதான். ஒன்பது என்றால் ஐப்பசி மழை பிடித்துவிடும். நாங்குநேரிக்குத் தெற்கே ரஸ்தாவைத் தண்ணீருக்குள் தேட வேண்டும். ஆகவே அந்த ஒரு நாளை விட்டால் குழந்தை வள்ளியூரில்தான் பிறக்கும்.

வளைகாப்பு அன்று மகள் என் காலில் விழுந்து எழுந்தாள். இரண்டு கையிலும் வளையல். எழும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எப்படியாவது என்னைக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. இங்கன தண்ணி தொண்டையில எறங்க மாட்டேங்கு. ஆத்துத் தண்ணி ஒரு செம்பு குடிச்சாப் போதும் போல இருக்கு."

அவளை அங்கே யாரும் கொடுமைப்படுத்தவில்லை. சம்பந்தி கருப்பட்டி மண்டிக்காரர், நாலு பேருக்குச் சோறு போடுகிறவர். அவர் சம்சாரம் கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. மாப்பிள்ளை தங்கமான பையன். கிணற்றுத் தண்ணீர் மட்டும் உப்புக் கரிக்கும். ஆற்றங்கரையில் வளர்ந்த பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது பெரிய விஷயம்.

ஜோசியர் குறித்துக்கொடுத்த நேரம் விடிவதற்கு முன்னால். சம்பந்தி வீட்டு மோட்டாரில் புறப்படுவதாக ஏற்பாடு. வளைகாப்புக்கு வந்த எங்கள் வீட்டுப் பெண்கள், என் மனைவி உட்பட, அன்று சாயங்காலமே வண்டிகளில் திரும்பிவிட்டார்கள். வாசலில் ஆரத்தியோடு நிற்க ஆள் வேண்டுமே. மகளை அழைத்துவர நான் மட்டும் தங்கினேன்.

அந்த மோட்டார், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் சம்பந்தி வாங்கியது. விளக்கெல்லாம் மின்சார விளக்கு. நான் எண்ணியிருக்கிறேன்: முன்னால் பெரிது இரண்டு, பக்கத்தில் சிறிது இரண்டு, பின்னால் சிவப்பு ஒன்று. அந்த ஐந்தும் சேர்ந்து எரிந்தால் வள்ளியூர்த் தெருவில் மண்ணெண்ணெய் விளக்குகள் அணைந்துபோன மாதிரி இருக்கும். ஆனால் அப்போது ஒன்றும் எரியவில்லை. ரெகுலேட்டர் கருகிவிட்டது.

அது என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித்தான் ஆகவேண்டும். எஞ்சின் ஓடும்போது டைனமோ சுற்றி மின்சாரம் உண்டாகிறது. அது பாட்டரியில் போய்ச் சேருகிறது. பாட்டரியிலிருந்து விளக்கு எரிகிறது. வேகம் கூடினால் மின்சாரமும் கூடிப் பாட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். வேகம் குறைந்தால் பாட்டரியில் சேர்ந்தது திரும்பி ஓடி டைனமோவில் வீணாகும். இரண்டையும் தடுக்க நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதன் தலைக்கு மேல் வளைந்த இரும்பு நாக்கு. நாக்கின் நுனியில் சிறு வெள்ளிக் குமிழ். கீழே அதேபோல் இன்னொன்று. இரண்டும் தொட்டால் மின்சாரம் போகும், விலகினால் நிற்கும். நான் ஹைஸ்கூலில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அந்தப் பெட்டியை அதற்கு முன் தொட்டதில்லை என்றாலும் உள்ளே நடப்பது எனக்குத் தெரியும்.

புதுப் பெட்டி சென்னையிலிருந்து ரயிலில் வந்து, எங்கள் ஊர் ஜங்ஷனில் நானே வாங்கி, வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வள்ளியூர் வரை கொண்டுவந்தேன். மாட்டித்தர ஒரு மெக்கானிக் தூத்துக்குடியிலிருந்து வருவதாகப் பேச்சு. புறப்பாட்டுக்கு முதல் நாள் காலை, மெக்கானிக்குக்குப் பதிலாக அவருக்குக் காய்ச்சல் என்ற செய்திதான் வந்தது. விஷக்காய்ச்சல் ஊர் ஊராக ஆளை வாரிக்கொண்டு போன அந்த வருஷம், காய்ச்சல் என்று யாராவது சொன்னால் மேலே கேட்கமாட்டார்கள்.

மாப்பிள்ளை கொட்டகையில், மோட்டார் பக்கத்தில், பெட்டியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நின்றார்.

"வில்வண்டியிலே போயிருவோமே?" என்றேன். "உள்ளே வைக்கோல் மெத்தை போட்டு, பையப் பையப் போனா…"

மாப்பிள்ளை பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து சம்பந்தியம்மாள் குரல் வந்தது. அந்த அம்மாள் என்னோடு நேரே பேசமாட்டார், முறையல்ல. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் என் மகளிடம் சொல்லுவார், தெருக்கோடிக்குக் கேட்கும்படி.

"ஏளா, உங்கப்பாட்ட சொல்லு. கொட்டகையில மோட்டார நிறுத்திட்டு மாட்டு வண்டியில மருமவள அனுப்புனாஹன்னு ஊரு சிரிக்கும். இருட்டுல வெளக்கு இல்லாம மோட்டாரும் போவாது. நாளு தப்புனாத் தப்பட்டும். நான் ஏழும் இந்த வீட்டுலதானே பெத்தேன்?"

மகள் நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"பெட்டிய நான் மாட்டுதேன்" என்றேன்.

மாப்பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, வேண்டாம் மாமா. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தோலை உரிச்சிருவாஹ."

அவர் பயந்தது நியாயம். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டில் ஒரு செம்பை எடுத்து வைக்கக்கூடாது. வைத்தால் அவனுக்கு ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்குத்தான் கேவலம், பெண் கொடுத்தவனை வேலை வாங்கினார்கள் என்று. அது எனக்குத் தெரியாததல்ல. "உங்கப்பா மண்டியிலிருந்து மத்தியானம்தானே வாராஹ? அதுக்குள்ள முடிச்சிரலாம்" என்றேன். சாயங்காலம் வரை வண்டியை ஓட்டினால்தான் செத்துக் கிடந்த பாட்டரிக்கு உயிர் வரும். அந்த அவசரம் ஒரு பக்கம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் எதையும் எண்ணுகிறவன். படி ஏறினால் படியை எண்ணுவேன். அதோடு நின்றால் பரவாயில்லை. எண்ணியதை வாய்விட்டுச் சொல்லுவேன். மகள் கல்யாணத்தில் பந்தி இலைகளை எண்ணிவிட்டு, சம்பந்தி சொன்ன ஆட்களுக்கு மேலே இருபத்துமூன்று இலை விழுந்தது என்று சமையல்காரத் தவசுப்பிள்ளையிடம் சொன்னேன். சம்பந்தி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். கணக்கு என்னவோ சரிதான். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசும்போதெல்லாம் முதலில் ஒரு சிறு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

வேலைக்கு வருகிறேன். எஞ்சின் மூடியைத் தூக்கினால் எதிரே மரப் பலகையில் பழைய பெட்டி. அதில் நான்கு திருகாணிகள், நான்கு கம்பிகள். திருகாணிகளுக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து: டி, எஃப், ஏ, இ. புதுப் பெட்டியிலும் அதே நான்கு எழுத்துகள்தான், ஆனால் நடுவில் இரண்டு இடம் மாறியிருந்தன. இடத்தைப் பார்த்து மாட்டுகிறவன் அங்கேதான் கவிழ்வான். எழுத்தைப் பார்த்து மாட்ட வேண்டும். கம்பிகளெல்லாம் கருகி ஒரே நிறமாக இருந்தன. கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் கட்டிவிட்டால் பிசகாது என்று நினைத்து, மகளிடம் நான்கு நிறத்தில் நூல் கேட்டேன். சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றும் தையல் பெட்டியில் கிடைத்தன. நான்காவதுக்கு வளைகாப்பில் மிஞ்சிய மஞ்சள் நூலைக் கொண்டுவந்தாள். பாட்டரியிலிருந்து வரும் ஏ கம்பிக்கு அதைக் கட்டினேன்.

அதைச் சம்பந்தியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"ஏளா, பாத்தியா, மஞ்ச நூலு கட்டுதாஹ! படிச்சவுஹன்னாலும் முறை மறக்கலை. புதுச் சாமான் இல்லா? நாமளும் ஒரு பொட்டு வச்சிருவோம்."

எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபத்துமூன்று இலைக்குப் பிறகு அந்த வீட்டில் என்னைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை.

கம்பி நுனிகளைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, எழுத்துப் பார்த்து, நான்கையும் முறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பெட்டியின் மூடிக்கும் நான்கு சின்னத் திருகாணிகள். அதில் ஒன்று விரல் வழுக்கி மணலில் விழுந்துவிட்டது. மூன்று போதும் என்று மாப்பிள்ளை சொன்னார். நான்கு ஓட்டைக்கு நான்கு இருக்க வேண்டும் என்று நான் மூடியைப் போடாமலே வைத்தேன். மாப்பிள்ளை சல்லடை எடுத்துவரப் போனார். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

டைனமோவிலிருந்து வரும் கம்பி அடியில் ஓர் இடத்தில் உறை கருகிச் செம்பு தெரிந்தது. அதற்குத் துணி சுற்றி உருக்கிய அரக்குப் பூச வேண்டும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். கொட்டகை தெருவைப் பார்த்தது, கதவு கிடையாது. முழங்காலுக்குக் கீழே என் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அடியிலிருந்து பார்த்தால் ஆட்கள் எல்லாம் கால்கள்தான். முதலில் இரண்டு வந்தன. பிறகு நான்கு. கொஞ்ச நேரத்தில் பதினாலு எண்ணினேன். ஒரு கால் செருப்பின் தோல்வார் அறுந்து சணல் கட்டியிருந்தது. அந்தக் காலுக்கு உரியவர் எதிர்வீட்டு வெற்றிலைக் கடைக்காரர் என்று குரலில் தெரிந்தது.

"யாருவே இது, புது டிரைவரா? கால் ரோமமெல்லாம் நரைச்சிருக்கே. அண்ணாச்சி சம்பளத்தைக் குறைச்சிட்டாஹளோ?"

"சும்மா இரியும்வே" என்றார் யாரோ.

"இல்ல, கேக்கேன். வயசான ஆளு அங்கன கெடந்து மூச்சு வாங்குதாரு. ஒரு தலகாணியாவது குடுக்கப்பிடாதா?"

சிரித்தார்கள். நான் அரக்கைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். வெளியே வந்தால் யாரென்று தெரிந்துவிடும். வராவிட்டால் வேலை நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் இன்னும் இரண்டு கால்கள் வந்தன. மற்றக் கால்களெல்லாம் விலகி வழிவிட்டன. வேட்டியின் சரிகைக் கரையைப் பார்த்தேன். சம்பந்தி அன்றைக்கு மண்டியிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டார்.

"லே, யாருலே அடியில கெடக்கது?"

சல்லடையோடு வந்து நின்ற மாப்பிள்ளையின் பாதங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "மாமா."

"எந்த மாமா?"

"பாளையங்கோட்டைப் பக்கத்து… நம்ம… மாமா."

சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. "அறிவிருக்கால உனக்கு? பொண்ணக் குடுத்த மனுசன மண்ணுல போட்டுப் பொரட்டுதியே. நாளைக்கு மண்டியில எவன் மொகத்துல நான் முழிக்கது?"

நான் வெளியே நகர்ந்து வந்தேன். மார்பில் மண், வேட்டியில் எஞ்சின் எண்ணெய், கையில் அரக்கு. வெற்றிலைக் கடைக்காரர் என் முகத்தைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் பதுங்கினார். நான் சம்பந்தியைக் கும்பிடக் கையெடுத்தேன். இரண்டு கையும் அரக்கில் ஒட்டிக்கொண்டன. நிலைப்படியில் மகள் முந்தானையால் வாயை மூடி நின்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"நானாத்தான் இறங்கினேன். மாப்பிள்ளை வேண்டாம்னுதான் சொன்னாஹ" என்றேன்.

சம்பந்தி அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "சரி சரி, எந்திரிங்க. குளிச்சிட்டு வாங்க. இலை போட்டாச்சு."

சம்பந்திக்குப் போட்ட இலையில் அவசரப்படக்கூடாது. வளைகாப்புக்கு மறுநாள் விருந்து வேறு. நான் குளித்து, மாற்று வேட்டி கட்டி, அவரோடு உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டேன். அந்த நேரத்தில்தான் கொட்டகையில் சம்பந்தியம்மாள் தட்டில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்திருக்கிறார். கூடத் தட்டைப் பிடித்து நின்றது என் மகள்.

கை கழுவிவிட்டு வந்தபோது வண்டி கோலாகலமாக இருந்தது. விளக்குகளுக்குப் பொட்டு, ஹாரனுக்குப் பொட்டு, சக்கரம் நான்குக்கும் பொட்டு. மாப்பிள்ளை திருகாணியைச் சலித்து எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார். எனக்கு அவசரம். பெட்டிக்கு உள்ளே குனிந்து பார்க்காமலே மூடியை வைத்து நான்கையும் முடுக்கினேன். பிறகு அடியில் போய் அரக்கு வேலையையும் முடித்தேன். இந்தத் தடவை தெருவைப் பார்க்கச் சம்பந்தியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஒதுங்கியது, போகவில்லை. மாற்று வேட்டியும் போயிற்று.

மாப்பிள்ளை கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் பிடித்தது. முன்பலகையில் மின்சாரம் போவதைக் காட்டும் முள் ஒன்று உண்டு. பாட்டரிக்கு மின்சாரம் சேர்ந்தால் அது வலப்பக்கம் சாயும். எல்லோரும் அந்த முள்ளைப் பார்த்தோம். மாப்பிள்ளை வேகத்தைக் கூட்டினார். கொட்டகை அதிர்ந்தது. முள் நடுவில் நின்றது.

"என்ன சம்பந்தி, முள்ளு அசையலையே" என்றார் சம்பந்தி.

வெற்றிலைக் கடைக்காரருக்குத் தைரியம் திரும்பிவிட்டது. "வாத்தியார் ஐயா, முள்ளு சாப்பிட்டுட்டுத் தூங்குது போல."

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். கம்பிகளைப் பார்த்தேன்: டியில் சிவப்பு, எஃப்பில் வெள்ளை, ஏயில் மஞ்சள், இயில் கறுப்பு. எல்லாம் சரி. இரண்டாம் தடவையும் எண்ணினேன். சரி. அப்போது நிலைப்படியிலிருந்து சம்பந்தியம்மாள் ஆதங்கத்தோடு மகளிடம் சொன்னது கேட்டது.

"ஏன் ஓட மாட்டேங்கு? ஒரு எடம் விடாம நானே என் கையால பொட்டு வச்சேனே ஏளா. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கப்பட்ட சின்ன மொகத்துக்குக்கூட வச்சேன்."

நான் மூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். சுருள் ஒரு முகம் மாதிரித்தான் இருந்தது, அந்த வளைந்த நாக்கு நெற்றி மாதிரி. நெற்றியின் நுனியில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். சந்தனம் வழிந்து இரண்டு வெள்ளிக் குமிழ்களுக்கும் நடுவில் இறங்கிக் காய்ந்திருந்தது. எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் ஒரு குமிழ் இன்னொன்றைத் தொட வழியில்லை.

என் வாய் திறந்துவிட்டது. என் கணக்கில் பிசகில்லை, நான்கு கம்பியும் நான்கு எழுத்தும் பொருந்தியிருக்கின்றன, தெருவே பார்க்கிறது, காரணம் இதோ, விரலால் தொட்டுக் காட்டலாம். "இங்கே பாருங்க" என்று சொல்ல நிமிர்ந்தேன். சம்பந்தியம்மாள் தெரிந்தார், கையில் இன்னும் அந்தச் சந்தனக் கிண்ணம். பக்கத்தில் மகள். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பிய மாத்திக் கட்டிப்புட்டேன்" என்றேன். "என் தப்புதான். எழுத்து சின்னதா இருக்கு, கண்ணு தெரியலை."

தெருவில் ஒரு பெருமூச்சும் ஒரு சிரிப்பும் சேர்ந்து கிளம்பின. "அதுக்குத்தான் நாலு கலரு நூலு" என்றார் வெற்றிலைக் கடைக்காரர். சம்பந்தி அவரை அதட்டினார். ஆனால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். எதிலும் கணக்குத் தப்பாத சம்பந்திக்கும் தப்பும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. "பொஸ்தகத்துல படிக்கது ஒண்ணு, கையால செய்யுதது ஒண்ணு. விடுங்க சம்பந்தி, மனசுல வச்சிக்கிடாதிய" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு முன்சிரிப்பு இல்லாமல் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

எஞ்சின் மூடிக்குள் தலையை விட்டு, வேட்டி நுனியை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். சட்டைப் பையில் இருந்த காகிதத்தை நறுக்கிக் குமிழ்களுக்கு நடுவே விட்டு விட்டு இழுத்தேன், காகிதம் வெள்ளையாக வரும்வரை. பிறகு, சொன்ன பொய்க்கு ஒரு வேலை காட்ட வேண்டுமே, இரண்டு கம்பிகளைக் கழற்றினேன். கழற்றிய இடத்திலேயே திரும்ப மாட்டினேன். எஞ்சின் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த மாப்பிள்ளை, "எந்தக் கம்பி மாமா மாறியிருந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏயும் எஃப்பும்."

அவர் அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

எஞ்சின் மறுபடி பிடித்தது. முள் ஒரு துடிப்புத் துடித்து வலப்பக்கம் சாய்ந்து நின்றது. மாப்பிள்ளை வண்டியை வெளியே எடுத்து, நாங்குநேரி ரஸ்தாவில் பொழுது சாயும்வரை போவதும் வருவதுமாக ஓட்டினார். திரும்பி வந்து விசையைத் திருப்பியபோது ஐந்து விளக்கும் எரிந்தன. சம்பந்தியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விடியற்காலம் புறப்படும்போது என்னிடம் கட்டிக்கொள்ளச் சுத்தமான வேட்டி இல்லை. சம்பந்தி உள்ளே போய்ப் புது ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார். "இந்தக் கோலத்துல போனா உங்க வீட்டுல எங்களத்தான் கேப்பாஹ. கட்டிக்கிடுங்க." பெண் வீட்டுக்காரன் துணி கொடுக்கலாம், வாங்கக்கூடாது. நான் வாங்கினேன். சரிகைக் கரை வேட்டி, என் வாழ்நாளில் அதற்கு முன் கட்டியதில்லை. சம்பந்தியம்மாள் கிண்ணத்தோடு வந்தபோது நான் என்னையறியாமல் எஞ்சின் மூடிமேல் கையை வைத்து நின்றேன். அவர் மூடிக்கு வெளியே பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை ஓட்டினார். நானும் மகளும் பின்னால். விளக்கு வெளிச்சத்தில் பனைகள் வந்து வந்து போயின. ஓர் ஆட்டுக் கிடை முழுவதும் கண்ணாக மின்னியது. எண்ண ஆரம்பித்தேன், நிறுத்திவிட்டேன். நாங்குநேரி தாண்டியபிறகு மகள் என் பக்கம் சாய்ந்தாள். எஞ்சின் இரைச்சலில் முன்னால் கேட்காது.

"அத்தை அதுக்குள்ள பொட்டு வைக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்ப்பா."

"தெரியுமா உனக்கு?"

"நீங்க அந்த நாக்கைப் பத்தி எனக்குச் சின்ன வயசுல சொல்லிக்குடுத்ததுதானே, கரண்டுல மணியடிக்கிற மெஷினுல. அது ஒட்டிக்கிடும்னு தெரியும். அத்தைய எப்படித் தடுக்கது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. பைய வந்து ஒரு வார்த்தை."

"சொன்னா நீங்க அத்தனை பேர் மத்தியில நிரூபிச்சிருவியளே. அப்புறம் நான் அந்த வீட்டுலதானே இருக்கணும்."

அவள் கோபமாகச் சொன்னால் பதில் இருந்திருக்கும். மழை வருமா என்று பார்த்துத் துணியை எடுப்பது மாதிரி, வெகு சாதாரணமாகச் சொன்னாள். நாளைத் தவற விட்டாலும் சரி, உப்புத் தண்ணீரிலேயே பிள்ளை பெற்றாலும் சரி, அப்பாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பதினாலு கால்களுக்கு நடுவில் கிடந்தபோது பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கொட்டகையில் என் வாய் திறந்த அந்த ஒரு நொடியை நினைத்தால், அவள் எண்ணியது சரிதான் என்பதும் எனக்குத் தெரியும்.

"நல்லவேளை, நீங்க சொல்லலை" என்றாள் பிறகு, என் கையைத் தட்டி. வளையல்கள் குலுங்கின.

வண்ணாரப்பேட்டையில் ஆறு தெரிந்தபோது வெளுத்துவிட்டது. பாலத்துக்கு இந்தப் புறம் வண்டியை நிறுத்தி, மாப்பிள்ளை செம்பை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினார். மகள் வண்டியில் இருந்தபடியே குடித்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள். நான் விளக்குகளை அணைத்தேன்.

இரண்டாம் செம்பைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மாமா, மஞ்ச நூலு முதல்ல இருந்த எடத்துலயேதான் இருக்கு."

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"திரும்பிப் போகும்போது நின்னுட்டா எந்தக் கம்பியத் தொடணும்னு தெரியணும்லா, அதான் கேக்கேன்."

"கம்பி எதையும் தொடவேண்டாம்" என்றேன். "மூடியைக் கழத்தி, உள்ளே துடைச்சாப் போதும்."

அவர் என் பழைய வேட்டி மூட்டையைப் பார்த்தார். நுனியில் குங்குமச் சிவப்பு தெரிந்தது. தலையை ஆட்டினார். "அம்மாட்டச் சொல்லிராதிய மாமா" என்றார். அவரும் அதைத்தான் கேட்டார்.

வீட்டு வாசலில் என் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றாள். மகளையும் மாப்பிள்ளையையும் சுற்றி, பொட்டு வைத்து, உள்ளே அனுப்பினாள். பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பார்வை சரிகைக் கரையில் வந்து நின்றது.

"இது யாரு வேட்டி?" என்றாள்.

நான் குளித்துவிட்டு வருவதாகச் சொல்லி ஆற்றுக்குப் போனேன்.